மென்பொருள் கட்டமைப்பாளரும் திறனாய்வுச் சிந்தனையும்

மென்பொருள் கட்டமைப்பாளர் என்பவர் ஒரு மென்பொருளின் அடிப்படை முடிவுகளுக்குப் பொறுப்பேற்பவர் ஆவார். மென்பொருள் எந்தெந்தக் கூறுகளாகப் பிரிய வேண்டும், அக்கூறுகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புகொள்ள வேண்டும், பிழை நேர்ந்தால் எந்தக் கூறு என்ன செய்ய வேண்டும் என்பன அத்தகைய முடிவுகள். இவற்றைப் பின்னாளில் மாற்றுவதற்குக் காலமும் செலவும் மிகுதியாகும். மென்பொருள் நிறுவனங்களின் அன்றாடப் பேச்சில் இவர் 'ஆர்க்கிடெக்ட்' என்றே அழைக்கப்படுகிறார். படம் வரைந்து கொடுப்பவர், தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பவர் என்று இவரைப் பற்றிப் பொதுவாகக் கூறப்படுகிறது. அவை இவரது பணியின் வெளித்தோற்றம் மட்டுமே. ஒரு குழு தன்னையறியாமல் நம்பிக்கொண்டிருக்கும் எடுகோள்களை வெளியே எடுத்து, அவை இன்னும் உண்மைதானா என்று கேட்பதே இப்பணியின் கடினமான பகுதி. கல்வியியலில் இத்திறன் திறனாய்வுச் சிந்தனை எனப்படுகிறது.

சொல்லும் வரலாறும்

'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அதன் பொருள் தலைமைத் தச்சர் என்பதாகும். தமிழில் 'பெருந்தச்சன்' என்ற சொல்லும் ஏறத்தாழ இதே பொருளைத் தருகிறது. கட்டடத் துறையிலிருந்து இச்சொல் கணினித் துறைக்கு வந்தபோது முதலில் வன்பொருளையே குறித்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினி வரிசையைப் பற்றி ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், பிரெடெரிக் புரூக்ஸ் ஆகிய மூவரும் 1964-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெற்றது.

1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடந்த மாநாடு, மென்பொருள் பொறியியல் என்ற பெயரைப் பரவலாக்கியது. மறு ஆண்டு ரோம் நகரில் நடந்த மாநாட்டில், மென்பொருளுக்குப் பொறியியல் மட்டும் போதாது, கட்டமைப்பு என்ற தனி அக்கறையும் வேண்டும் என்று இயன் ஷார்ப் வாதிட்டார். சிஸ்டம்/360-க்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய புரூக்ஸ், அந்த அனுபவத்தை 1975-இல் நூலாக எழுதினார். பல நூறு பேர் சேர்ந்து உருவாக்கும் மென்பொருளும் ஒரே மனத்தில் தோன்றியது போல ஒருமைப்பாட்டுடன் இருக்க வேண்டும் என்பது அவரது கருத்து. அதற்கு, வடிவமைப்பை ஒருவரோ மிகச் சிலரோ கையில் வைத்திருக்க வேண்டும் என்றார். இன்றைய கட்டமைப்பாளர் பதவிக்கான அடித்தளம் இந்த வாதத்திலேயே உள்ளது. இத்துறை தனி ஆய்வுத் துறையாக வளர்ந்தது 1990-களில்தான்.

திறனாய்வுச் சிந்தனை என்பது

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் ஜான் டூயி என்ற பெயர் பழக்கமானது. ஒரு நம்பிக்கையை, அது எந்தச் சான்றின் மேல் நிற்கிறது, அதிலிருந்து என்னென்ன முடிவுகள் விளைகின்றன என்று விடாமல் கவனத்துடன் ஆராய்வதை அவர் 1910-இல் வெளியிட்ட நூலில் ஆய்வுநிலைச் சிந்தனை என்ற கருத்தாக விளக்கினார். பின்னர் வந்த திறனாய்வுச் சிந்தனை என்ற கருத்துக்கு அதுவே முன்னோடி.

குறை கூறுவதும் திறனாய்வும் ஒன்றல்ல. 'இந்த வடிவமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை' என்பது குறை கூறல். 'இந்த வடிவமைப்பு ஒரு நாளில் பத்தாயிரம் பேர்தான் வருவார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது?' என்பது திறனாய்வு. முதலாவதற்கு மறுமொழி கூற முடியாது. இரண்டாவதற்கு ஒருவர் சென்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

மென்பொருளில் எடுகோள்கள் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டடத்தில் தூண் மெலிந்திருந்தால் பார்ப்பவருக்கு ஐயம் வரும். நிரலில் ஓர் எண்ணுக்கு எத்தனை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பது, அந்த எண் அவ்விடத்தை மீறும் நாள் வரை யார் கண்ணிலும் படாது. இதற்குத் தெளிவான சான்று 1996-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஏரியன் 5 விபத்து ஆகும்.

ஏரியன் 5: முதல் பயணம்

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் புதிய ஏவூர்தியான ஏரியன் 5 முதன்முறையாகப் புறப்பட்டது. புவியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்கான கிளஸ்டர் என்ற நான்கு செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. ஏறத்தாழ 40 நொடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ஏவூர்தி பாதை விலகித் திரும்பி, உடைந்து வெடித்தது. இயந்திரங்கள் எதிலும் பழுதில்லை. கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு ஜூலை 19 அன்று தன் அறிக்கையை அளித்தது.

ஏவூர்தி எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது, என்ன வேகத்தில் செல்கிறது என்பதை அளந்து முதன்மைக் கணினிக்குச் சொல்வது நிலைமத் திசையறி கருவி. ஏரியன் 5-இல் ஒரே மாதிரியான இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். இரண்டிலும் இருந்த மென்பொருள், முந்தைய ஏவூர்தியான ஏரியன் 4-இல் வெற்றிகரமாக இயங்கியதன் வழிவந்தது. நன்றாக ஓடிய ஒன்றை மறுபடி பயன்படுத்துவதில் தவறென்ன என்று எவரும் எண்ணுவர். அந்த எண்ணத்தில் நியாயமும் உண்டு.

அம்மென்பொருளில் ஒரு பகுதி, ஏவூர்தி தரையில் நிற்கும்போது கருவியைச் சரியாக நேர்நிறுத்துவதற்கானது. மேலெழும்பிய பிறகு அதற்கு வேலை இல்லை. ஆயினும் அது புறப்பாட்டுக்குப் பின்னும் சுமார் 40 நொடிகள் ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. ஏரியனின் முந்தைய வடிவங்களில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. கீழெண்ணிக்கையின் கடைசி நொடிகளில் ஏவுதல் நிறுத்தப்பட்டால், கருவியை முதலிலிருந்து நேர்நிறுத்தாமல் விரைவில் மறுபடி தொடங்க இது உதவியது. 1989-இல் ஒரே ஒருமுறை இவ்வசதி பயன்பட்டது. ஏரியன் 5-இன் புறப்பாட்டு முறை வேறு. அங்கே இவ்வசதிக்குத் தேவையே இல்லை. சரியாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்ற எண்ணத்தில் அது அப்படியே விடப்பட்டது.

அப்பகுதி, கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. குறியுடைய 16 பிட் முழு எண்ணில் −32,768 முதல் 32,767 வரைதான் அடங்கும். ஏரியன் 4-இன் பாதையில் அந்த அளவு இவ்வெல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை. ஏரியன் 5 தொடக்கத்திலேயே மிக விரைவாகக் கிடைமட்ட வேகத்தைப் பெறும் ஏவூர்தி. எண் எல்லையை மீறியது. மாற்றம் தோல்வியுற்றது. பிழை நேர்ந்தால் கருவி நின்றுவிட வேண்டும் என்பது விதி, கருவி நின்றது. முதன்மைக் கணினி துணைக் கருவியை நாடியது. அதே மென்பொருளைக் கொண்டிருந்த துணைக் கருவியோ, 72 மில்லிநொடி நீளமுள்ள முந்தைய சுற்றிலேயே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பழுதறிக் குறிப்பை முதன்மைக் கணினி உண்மையான பறத்தல் தரவு என எடுத்துக்கொண்டு, இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின் முனைகளை முழுவதும் திருப்பியது. அதன் விளைவாகவே ஏவூர்தி உடைந்தது.

ஒரு முழு எண்ணின் கொள்ளளவைப் பார்க்கத் தவறிய நிரலாளரின் கவனக்குறைவு என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அறிக்கையைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. நிரலாளர்கள் இந்த ஆபத்தை அறிந்திருந்தனர். இவ்வாறு எல்லை மீறக்கூடிய ஏழு மாறிகளை அவர்கள் அடையாளம் கண்டனர். நான்குக்குப் பாதுகாப்பு அளித்தனர். மூன்றை விட்டுவிட்டனர். கருவியிலிருந்த கணினியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு இருந்ததும், அந்த மூன்று அளவுகளும் இயற்பியல் காரணங்களால் எல்லைக்குள் இருக்கும் அல்லது போதிய இடைவெளி உண்டு என்று கருதப்பட்டதுமே காரணம். ஏரியன் 4-ஐப் பொறுத்தவரை அது சரியான கணிப்பு. இம்முடிவு ஒருவர் தனியாக எடுத்ததும் அல்ல. திட்டத்தில் பங்கேற்ற பல நிலையினர் சேர்ந்து ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தக் கணிப்புக்கான காரணம் நிரலில் எழுதப்படவில்லை. ஏரியன் 5-இன் பாதைத் தரவு, கருவிக்கான தேவை விவரணத்தில் சேர்க்கப்படவில்லை. முழு ஏவூர்தியையும் போலியாக இயக்கிப் பார்த்த சோதனைகளில் உண்மையான திசையறி கருவி இணைக்கப்படவில்லை. அதன் வேலையை வேறொரு போலி நிரல் செய்தது. கருவி ஏற்கெனவே தகுதி பெற்றது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இவற்றில் எந்த ஒன்று வேறு மாதிரி நடந்திருந்தாலும் பிழை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும். புதிய பாதையைக் கருவிக்கு ஊட்டிப் பார்த்திருந்தால் போதும்.

ஒவ்வொரு குழுவும் தன் பகுதியை ஒழுங்காகச் செய்தது. குழுக்களுக்கு இடைப்பட்ட இடத்தில்தான் கேள்வி தொலைந்தது. 'ஏரியன் 4-இல் எது இதைப் பாதுகாப்பாக வைத்திருந்தது? அது ஏரியன் 5-இலும் உண்டா?' என்ற கேள்வி எந்த ஒரு குழுவின் வேலைப் பட்டியலிலும் வரக்கூடியதன்று. அதனாலேயே அதைக் கேட்க ஒருவர் வேண்டும். விசாரணைக் குழு தன் பரிந்துரைகளில் இதைத் தொட்டது. தேவையற்ற எந்த மென்பொருள் பணியும் பறக்கும்போது ஓடக் கூடாது, நிரல் உள்ளுக்குள் வைத்திருக்கும் எடுகோள்களை எல்லாம் கண்டறிந்து சோதிக்க வேண்டும், நிரலுக்குத் தரும் கவனத்தை அதற்கான நியாயங்களைக் கூறும் ஆவணங்களுக்கும் தர வேண்டும் என்றது. மீளாய்வில் திட்டத்துக்கு வெளியே உள்ளவர்களும் இருக்க வேண்டும். சரிபார்ப்பு நடந்ததா என்று குறியிடுவதோடு நில்லாமல், வாதத்தின் உள்ளடக்கத்தையே எடைபோட வேண்டும் என்றது. பங்காளிகளுக்கு இடையே அதிகாரமும் பொறுப்பும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. பதவிப் பெயரைச் சொல்லாவிட்டாலும் இது கட்டமைப்பாளரின் பணியை விவரிப்பதாகவே உள்ளது.

மற்றொன்றும் அவ்வறிக்கையில் குறிப்பிடத்தக்கது. கருவிகள் தற்செயலாகப் பழுதடையும் என்பதையே வடிவமைப்பாளர்கள் மனத்தில் கொண்டிருந்தனர். தற்செயல் பழுதுக்கு இரண்டாவது கருவி நல்ல மருந்து. மென்பொருள் தேய்வதும் இல்லை, தற்செயலாகக் கெடுவதும் இல்லை. ஒன்றில் உள்ள வடிவமைப்புப் பிழை மற்றதிலும் அப்படியே இருக்கும். ஒரே வினாத்தாளுக்கு ஒரே தவறான விடையைப் பார்த்து எழுதிய இரு மாணவரை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது போன்றது அது.

அப்போலோ 11: எதிர் எடுத்துக்காட்டு

பிழை நேரும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே சிந்தித்த வடிவமைப்புக்கு அப்போலோ 11 சான்றாகும். 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கணினி 1202, 1201 என்ற எச்சரிக்கைகளைக் காட்டியது. சந்திப்பு ரேடாரிலிருந்து வந்த தேவையற்ற குறிகைகள் கணினியின் நேரத்தைத் தின்றதால் அதற்கு வேலை மிகுந்துவிட்டது. எம்.ஐ.டி. கருவியியல் ஆய்வகத்தில் உருவான அந்த மென்பொருள், ஹால் லானிங் வகுத்த முன்னுரிமை முறையில் இயங்கியது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சுமை மிகுந்ததும் கணினி தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டு, முக்கியமற்ற பணிகளைக் கைவிட்டு, இறங்குவதற்குத் தேவையானவற்றை மட்டும் தொடர்ந்தது. கலம் பத்திரமாக இறங்கியது.

ரேடார் இப்படித் தொல்லை தரும் என்று லானிங் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. கணினியால் எல்லாவற்றையும் செய்ய முடியாத ஒரு கணம் வரும், அப்போது எதை விடுவது என்ற கேள்வியே போதுமானதாக இருந்தது. ஏரியன் 5-இலும் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தால், புறப்பட்ட பின் பயனற்ற ஒரு பகுதியின் பிழைக்காகக் கருவி முழுவதையும் நிறுத்தும் விதி நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

குழுவில் கேள்விக்கு இடம்

கட்டமைப்பாளர் கேள்வி கேட்பவராக இருந்தால் மட்டும் போதாது. அவரைக் கேள்வி கேட்கவும் குழுவுக்கு இடம் இருக்க வேண்டும். நடைமுறையில் இதுவே அரிதாக உள்ளது. வயதிலும் பதவியிலும் மூத்தவர் வெண்பலகையில் படம் வரைந்து முடித்து 'ஐயம் உண்டா?' என்று கேட்டால், வகுப்பறையைப் போலவே அறை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை ஒப்புதல் என்று கொள்வது பிழை. ஒற்றுமையைக் காக்கும் விருப்பம் ஐயத்தை அடக்கிவிடும் இந்நிலையை உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972-இல் வெளியிட்ட நூலில் குழுச்சிந்தனை என்ற பெயரில் ஆராய்ந்தார்.

இதற்கு ஒரு மாற்று வழி, கேள்வியையே மாற்றிக் கேட்பது. உளவியலாளர் கேரி கிளைன் பரவலாக்கிய முறையில், திட்டம் தொடங்கும் முன்பே 'ஓராண்டு கழித்து இது முழுவதும் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் தோற்றது?' என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். தோல்வி முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதால், காரணம் சொல்பவர் எவரையும் எதிர்ப்பவராகத் தோன்றமாட்டார். புதிதாகச் சேர்ந்த இளையவரும் துணிந்து எழுதுவார். தாளில் எழுதச் சொல்வது சிறிய மாற்றம்தான், ஆனால் வாய்மொழிக் கூட்டத்தில் வாய் திறக்காதவரின் கருத்து இதனால் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று முடிவுப் பதிவேடு. மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த வடிவம் இன்று பலராலும் பின்பற்றப்படுகிறது. எடுத்த ஒவ்வொரு கட்டமைப்பு முடிவுக்கும் ஓரிரு பக்கக் குறிப்பு எழுதி, நிரலோடு சேர்த்தே வைப்பது அம்முறை. அன்றைய சூழல் என்ன, எடுத்த முடிவு என்ன, அதனால் வரக்கூடிய நன்மை தீமைகள் என்ன என்பவை அதில் இருக்கும். சூழலை எழுதுவதுதான் இதில் உயிரான பகுதி. 'இந்த மூன்று மாறிகளுக்குப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் ஏரியன் 4-இன் பாதையில் இவை எல்லை தாண்டா' என்ற ஒரு வரி நிரலுக்கு அருகில் இருந்திருந்தால், ஏரியன் 5-க்கு அந்நிரலை எடுத்தவர் அவ்வரியில் நின்றிருப்பார்.

பதிவேடு இல்லாத பழைய நிரல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு நேர்ந்ததும் சான்று. 2003 முதல் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய பகுதி நீக்கப்படாமலே இருந்தது. அதை இயக்கிய அதே குறியை, புதிய பணிக்காக மீண்டும் பயன்படுத்தினர். எட்டு சேவையகங்களில் ஒன்றில் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டது. அந்த ஒன்றில் பழைய பகுதி விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு உண்டானது. ஏற்ற மறந்த பணியாளரைக் கடிந்துகொள்வது எளிது. பழைய குறிக்கு இரண்டாம் பொருள் கொடுத்த முடிவே முதல் தவறு, அது கட்டமைப்பு பற்றிய முடிவு.

மாற்றுக் கருத்துகள்

கட்டமைப்பாளர் என்ற தனிப் பதவி வேண்டுமா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. 2001-இல் வெளியான சுறுசுறுப்பு மென்பொருளாக்க அறிக்கையின் கொள்கைகள், நல்ல கட்டமைப்பு தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் குழுக்களிலிருந்து உருவாகிறது என்று கூறின. மார்ட்டின் பவுலர் 2003-இல் எழுதிய கட்டுரை ஒன்று, எல்லா முடிவுகளையும் தாமே எடுக்கும் கட்டமைப்பாளரையும், குழுவோடு கலந்திருந்து அதன் திறனை வளர்க்கும் கட்டமைப்பாளரையும் வேறுபடுத்திப் பார்த்தது. இரண்டாம் வகையினரே மேலானவர் என்பது அவரது நிலைப்பாடு. நிரலிலிருந்து விலகிப் படம் மட்டும் வரையும் கட்டமைப்பாளர் கேட்கும் கேள்விகள் விரைவில் பொதுப்படையாகிவிடும் என்பதால் இவ்வாதத்தில் வலு உண்டு. ஆயினும் ஏரியன் போன்ற, பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் பணியில் குழுக்கள் தாமாக ஒழுங்காகிவிடும் என்று எதிர்பார்ப்பது கடினம். ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்நிறுவனத்தின் தகவல் தொடர்பு முறையையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் கூறியதை இங்கே நினைவுகொள்ளலாம். இரு குழுக்கள் பேசிக்கொள்ளாத இடத்தில், அவர்கள் எழுதிய இரு கூறுகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்லை.

ஏரியன் விபத்தின் காரணம் குறித்தும் விவாதம் நடந்தது. மறுபயன்பாட்டுக்கு உரிய நிபந்தனைகளை நிரலிலேயே ஒப்பந்தம் போல எழுதியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று ழான்-மார்க் ஜெசெக்கெல், பெர்ட்ராண்ட் மேயர் ஆகியோர் 1997-இல் வாதிட்டனர். எழுதப்பட்ட நிபந்தனையையும் யாரேனும் படித்துச் சோதித்தால்தானே பயன் என்று மறுத்தவர்களும் உண்டு. ஏரியன் 5 மீண்டும் 1997 அக்டோபரில் ஏவப்பட்டது. இழந்த கிளஸ்டர் செயற்கைக்கோள்களுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட நான்கும் 2000-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் சோயூஸ் ஏவூர்திகளில் இரண்டிரண்டாக விண்ணை அடைந்தன.